சாம்பல் பெய்யும் ஊருக்கு நான் மட்டும் போனேன்

எழுபதுகளின் நடுவில் நான் ராஸ் அல் கைமாவில் ஒரு சிமென்ட் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருந்தேன். சொந்த ஊர் திருச்சி. வயது முப்பது. கம்பெனி கொடுத்த ஃபிளாட்டில் மனைவியும் கைக்குழந்தையும் கூடவே இருந்தார்கள். அந்த வயதில் அப்படி ஒரு வேலை அமைந்தால் யாருக்கும் தலை கொஞ்சம் கனக்கும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே கனத்தது.

ஜப்பானில் ஓர் எரிமலை ஊருக்குப் போய் வந்த அனுபவம் என்றதும், மலை வெடித்து நான் தலைதெறிக்க ஓடிய கதை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மலை என்னை ஒன்றும் செய்யவில்லை. நான்தான் ஒருவருக்குச் செய்தேன். இத்தனை வருடம் இதை வெளியில் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

சிமென்ட் ஆலை என்றால் தூசி. சோற்றில் தூசி, தலையணையில் தூசி, குழந்தையின் காதுமடலில் தூசி. மூட்டை பிடிக்கும் பகுதியில் பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியாது. அதைக் கட்டுப்படுத்த ஜப்பானிலிருந்து ஒரு இயந்திரம் வாங்கினார்கள். இரண்டு மாடி உயரத்துக்கு இரும்புக் கூண்டு, உள்ளே நூற்றுக்கணக்கில் நீளநீளமான துணிப் பைகள் தொங்கும். தூசிக் காற்றை அந்தப் பைகள் வழியாக இழுத்தால் தூசி துணியில் தங்கிவிடும், காற்று மட்டும் வெளியே போகும். காபி டிகாஷனைத் துணியில் வடிகட்டுகிற அதே வேலைதான், பெரிய அளவில்.

அதை நிறுவிக் கொடுக்க ஜப்பானிலிருந்து ஒருவர் வந்து மூன்று மாதம் தங்கினார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர். அவருக்கு உதவியாக எங்கள் ஃபிட்டர் ஒருவரை அனுப்பினேன். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர், தமிழ் நன்றாக எழுதப் படிக்கத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. 'அவர்' என்று இப்போது எழுதுகிறேன். அப்போது என் வாயில் 'அவன்'தான். என்னைவிடப் பத்து வயது பெரியவரை 'என்னப்பா' என்று கூப்பிடுவேன், அவர் 'சொல்லுங்க சார்' என்று வந்து நிற்பார். அங்கே எல்லோரும் அப்படித்தான் இருந்தோம், அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

இயந்திரம் ஓட ஆரம்பித்த சில வாரங்களிலேயே பைகள் கழுத்துப் பக்கம் கிழியத் தொடங்கின. மேலே இரும்பு வளையத்தில் பையைக் கட்டுகிற இடத்தில் துணி உரசி உரசி நைந்துவிடும். ஜப்பான்காரர் தன் ஊருக்குத் தந்தி மேல் தந்தி அடித்தார். அதற்குள் எங்கள் ஃபிட்டர் பழைய லாரி டியூபை நாடா நாடாவாக வெட்டி, வளையத்தைச் சுற்றி ஒரு மாதிரி முறுக்கிக் கட்டி, அதன்மேல் பையைப் போட்டு இறுக்கினார். அதற்கப்புறம் அந்தப் பைகள் கிழியவில்லை. ஜப்பான்காரர் மேலே ஏறிப் பார்த்தார், நோட்டில் படம் வரைந்தார், தானே கட்டிப் பார்த்தார். அவர் கட்டினால் அவிழ்ந்தது. ஃபிட்டர் கட்டினால் நின்றது. அன்றிலிருந்து அவர் ஃபிட்டரைப் பெயர் சொல்லி, பின்னால் ஒரு 'சான்' சேர்த்துக் கூப்பிட ஆரம்பித்தார். அது அவர்கள் ஊரில் மரியாதையாம். என்னை 'மிஸ்டர் இன்ஜினியர்' என்றார், கடைசிவரை என் பெயரைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

நான் மேலே ஏறவில்லை. கீழே நின்றுகொண்டு, 'பைகள் கிழிவது சரி செய்யப்பட்டது' என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஃபிட்டரின் பெயர் வரவில்லை.

ஜப்பான்காரர் ஊர் திரும்பி நாலைந்து மாதம் கழித்து அந்தக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஜப்பானின் தெற்குக் கோடியில் ககோஷிமா என்ற ஊரில் அவர்களுக்கு ஒரு பட்டறை இருக்கிறது, உங்கள் ஃபிட்டரையும் அவருக்குத் துணையாக இன்ஜினியரையும் பத்து நாள் அனுப்பி வைக்க வேண்டும், செலவு எங்களுடையது என்று இருந்தது. 'எங்கள் தொழிலாளர்களும் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள விரும்புகிறார்கள்' என்று ஒரு வரியும் இருந்தது. ஜப்பான்காரர்கள் பணிவான ஆட்கள், சும்மா மரியாதைக்கு எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். நம் ஃபிட்டரிடம் அவர்கள் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் வரும் இங்கிலீஷ் கடிதம், நோட்டீஸ் எல்லாவற்றையும் படித்துச் சொல்வது என் வேலை. டூட்டி நடுவில் சாப்பாட்டு நேரத்தில் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் காகிதத்தில் இருப்பது. இந்தக் கடிதத்தையும் ஃபிட்டரிடம் நான்தான் சொன்னேன். ரெண்டு பேரையும் டிரெயினிங்குக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். "அங்கிட்டு குளிருமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

ஒரே வாரத்தில் கேம்ப் முழுக்க அவருக்கு 'ஜப்பான்' என்று பெயர் விழுந்துவிட்டது. ஜப்பான் குளிச்சாச்சா, ஜப்பானுக்கு ஒரு டீ. அவரும் துபாய் போய் ஒரு ஷூ வாங்கிவந்தார். அது காலைக் கடித்ததால், பழகட்டும் என்று ரூமுக்குள்ளேயே அதைப் போட்டுக்கொண்டு நடந்தாராம். வீட்டுக்கும் எழுதிப் போட்டுவிட்டார்.

விசாவுக்கு ஜப்பான் கம்பெனியே அபுதாபி தூதரகத்துக்கு எழுதி ஏற்பாடு செய்திருந்தது. நாங்கள் பாஸ்போர்ட்டை அனுப்பி முத்திரை குத்தி வாங்க வேண்டியதுதான் பாக்கி. பாஸ்போர்ட்டெல்லாம் ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடக்கும், மானேஜர் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே வரும். பாஸ்போர்ட்டை வெளியே எடுக்க இரண்டு பேருக்கும் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அவர் ஃபிட்டரின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஆள் போய்த்தான் ஆக வேண்டுமா என்று கேட்டார்.

"அவசியமில்லை. நான் பார்த்துக்கொண்டு வந்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவேன்" என்றேன்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மானேஜர் சும்மா ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். போக வேண்டும் என்று நான் சொல்லியிருந்தால் அந்தப் பேனா அந்தத் தாளிலும் இறங்கியிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பொறாமைதான், வேறு பெயர் வைத்து என்ன பயன்? அந்த 'சான்' எனக்குப் பிடிக்கவில்லை. விமானத்தில் பக்கத்து சீட்டில் அவரும், ஹோட்டலில் பக்கத்து அறையில் அவரும், ஜப்பான்காரர்கள் எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி குனிந்து வணக்கம் சொல்வதும் மனசுக்குள் ஓடின. வயிற்றெரிச்சலாக இருந்தது.

அன்று மத்தியானமே அவரிடம் சொன்னேன். "விசா மாஃபி" என்றேன். அங்கே எல்லோர் வாயிலும் புழங்குகிற அரபுச் சொல் அது, இல்லை என்று அர்த்தம். ஏதோ கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்பதுபோல சாதாரணமாகச் சொன்னேன்.

"எனக்கு மட்டுமா சார்?"

"ஆமாப்பா. படிப்பு பார்க்கிறாங்க."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை நான் சொல்லியிருக்கவே வேண்டாம். அவர் தலையாட்டினார். "உங்களுக்கு வந்துருச்சுல்ல சார், அது போதும்" என்றார். நான் நகரப் போனபோது பின்னாலேயே வந்து, "அப்ப ஒருக்க மேல வாங்க சார். அந்தக் கட்டு எப்படின்னு காட்டுறேன். அவரு கேட்டா நீங்க காட்டணும்ல" என்றார். எனக்குத் தெரியும்ப்பா, நேரமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் மாதம் கிளம்பினேன். பம்பாய், டோக்கியோ, அங்கிருந்து இன்னொரு விமானம். ககோஷிமா விமான நிலையத்தில் அந்த ஜப்பான்காரர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் குனிந்து வணங்கினார். நிமிர்ந்ததும் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். கடைசிப் பயணி வெளியே வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் ஃபிட்டர் எங்கே என்று கேட்டார். விசா கிடைக்கவில்லை என்றேன். அவர் என் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் ஊருக்குள் போக ஒரு மணி நேரம். ஒரு வளைவு திரும்பியதும் கடலுக்கு நடுவில் அந்த மலை தெரிந்தது. சகுராஜிமா என்று பெயர். உச்சியிலிருந்து புகை எழும்பி ஊர்ப்பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. கோடையில் காற்று இந்தப் பக்கம் அடிக்கும், சாம்பல் எல்லாம் ஊருக்குத்தான் வரும் என்றார் அவர். பளீரென்று வெயில் அடிக்கும்போது பெண்கள் குடை பிடித்துப் போனார்கள். வெயிலுக்கு என்று நினைத்தேன், சாம்பலுக்காம். கடைக்காரர்கள் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள், கூட்டிய இடத்திலேயே மறுபடி கறுப்பாகப் படிந்தது. டிராம் வண்டி போனால் பின்னால் தூசி எழும்பியது. பல்லுக்கிடையில் நறநறத்தது. ராஸ் அல் கைமாவிலிருந்து இவ்வளவு தூரம் வந்தும் இதே நறநறப்பா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தூசி சும்மா கிடைக்கிற ஊரில்தானே தூசிப் பை செய்ய வேண்டும் என்று அவர் சொன்னார். அன்று அவர் பேசிய கடைசி வேடிக்கைப் பேச்சு அது. அந்தப் பத்து நாளுக்கும் அதுதான் கடைசி.

மறுநாள் காலை பட்டறைக்கு அழைத்துப் போனார். உள்ளே நுழைந்தேன். நடுவில் எங்கள் இயந்திரத்தின் மேல்பகுதி மாதிரியே வளையங்களோடு ஒரு இரும்புச் சட்டம் நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் மேசைமேல் பைகள். ஒரு பழைய லாரி டியூப். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு தொழிலாளர்கள், கையில் நோட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நரைத்த தலைகளும் இருந்தன. சுவரில் பெரிதாக்கிய ஒரு போட்டோ. முகத்தில் துண்டு கட்டி, கண்ணும் புருவமும் சிமென்ட் பூசி, வளையத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஃபிட்டர் நின்றார்.

டிரெயினிங் எனக்கல்ல, அவர்களுக்கு. வாத்தியார் வரவில்லை.

ஜப்பான்காரர் என்னை அவர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார். எல்லோரும் எழுந்து குனிந்தார்கள். அப்புறம் அவர் டியூபையும் கத்தியையும் என் கையில் கொடுத்து, ஃபிட்டரால் வர முடியவில்லை, நீங்கள் அவருடைய இன்ஜினியர், தயவுசெய்து காட்டுங்கள் என்றார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. எனக்குத் தெரியும் என்று உண்மையாகவே நம்பினார். தெரியாமல் எப்படி இருக்கும் என்று நினைத்திருப்பார்.

நாடா வெட்டினேன், அகலம் கோணலாகப் போனது. வளையத்தில் சுற்றினேன். எந்தப் பக்கம் முறுக்குவது, எங்கே மடிப்பது, ஒன்றும் தெரியவில்லை. பையைப் போட்டு இறுக்கிவிட்டுக் கையை எடுத்தேன். பை கழன்று கீழே விழுந்தது. இரண்டாவது முறையும் விழுந்தது. மூன்றாவது முறை ஒரு பெரியவர் எழுந்து வந்து பையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார், எனக்கு உதவியாக. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர்கள் நோட்டில் எழுத ஒன்றுமில்லாமல் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் ஜப்பான்காரர் அவர்களிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டார். தன் மேசைக்குப் போய் ஒரு காகிதத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். அபுதாபி தூதரகத்திலிருந்து அவர்கள் கம்பெனிக்கு வந்த டெலெக்ஸ். இரண்டு பெயர்கள். இரண்டுக்கும் அனுமதி. முதல் பெயர் ஃபிட்டருடையது. நான் படித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு போய் மறுபடி மேசைக்குள் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை. திட்டியிருக்கலாம், கேட்டிருக்கலாம், நானும் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன்.

மிச்ச நாட்களில் ஒரு குறையும் வைக்கவில்லை. நான் சைவம் என்பதால் சோறும் காய்கறியும் தேடித் தேடி வாங்கிக் கொடுத்தார். ஒரு நாள் படகில் மலைக்கும் அழைத்துப் போனார். கால்மணி நேரம்தான். எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புப் பாறைகள், அதற்கு நடுவிலும் தோட்டம் போட்டு வாழ்கிற ஜனங்கள், தலைக்கு மேலே குமுறுகிற மலை. ஊரில் போய்ச் சொல்ல நல்ல காட்சி. எனக்கு ஒன்றும் மனசில் ஏறவில்லை. படகில் அவர் எனக்குப் பக்கத்தில் உட்காராமல் எதிர் வரிசையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார். புறப்படும்போது ஃபிட்டருக்குக் கொடுக்கச் சொல்லி என் கையில் எதுவும் தரவில்லை. ஏன் தரவில்லை என்று எனக்குப் புரிந்தது.

திரும்பி வந்த அன்றே ஃபிட்டர் என்னைத் தேடி வந்தார். மலை எப்படி சார் இருந்துச்சு என்று கேட்டார். சொன்னேன். அவரு நல்லாருக்காரா என்றார். நன்றாக இருக்கிறார், உன்னைக் கேட்டார் என்றேன். அந்தக் கட்டைப் பற்றி ஏதும் கேட்டாரா என்றார். ஆமாம், காட்டினேன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "நின்னுச்சா சார்?" என்றார். நின்றது என்றேன். வெட்கமில்லாமல் சொன்னேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஃபிட்டர் ஒரு கவரோடு சைட் ஆபீசுக்கு வந்தார். ஜப்பான் ஸ்டாம்ப். உள்ளே சுவரில் நான் பார்த்த அதே போட்டோவின் சிறிய பிரதி, கூடவே டைப் அடித்த ஒரு பக்க இங்கிலீஷ் கடிதம். "படிச்சுச் சொல்லுங்க சார்" என்று மேசைமேல் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

படித்தேன். நலமா, நீங்கள் சொல்லிக் கொடுத்த கட்டை எங்கள் ஆட்கள் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்கள், உங்கள் படம் எங்கள் சுவரில் இருக்கிறது என்று வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். நடுவில் அந்த இரண்டு வரி வந்தது. 'உங்கள் விசா தயாராக இருந்தது. நாங்கள் உங்களை அழைக்காமல் விட்டுவிட்டோம் என்று நீங்கள் நினைக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.' என் பெயரோ, என்னைப் பற்றி ஒரு குறையோ அதில் இல்லை. கண் அந்த இடத்தில் நின்றது. நாக்கு அதைத் தாண்டிப் போய்விட்டது. குடும்பத்தாருக்கு என் அன்பு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முடித்து, கடிதத்தை மடித்து நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "அம்புட்டுத்தானா சார்?" என்றார்.

"அவ்வளவுதான்."

என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். குரல் உயரவில்லை. "நேத்தே கேம்ப்புல ஸ்டோர் கிளார்க்கு படிச்சுட்டாரு சார். அவரு படிக்கையில இன்னும் ரெண்டு வரி இருந்துச்சு" என்றார். "உங்க வாயால கேக்கலாம்னுதான் கொண்டாந்தேன்."

கடிதத்தை வாங்கிக் கவருக்குள் போட்டு, போட்டோ கசங்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. டூட்டி மணி அடித்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் அங்கே எட்டு மாதம் இருந்தார். சொன்ன வேலையைச் செய்தார், 'சார்' என்றே கூப்பிட்டார், ஒரு சொல் கூடவும் இல்லை குறையவும் இல்லை. விஷயம் கேம்ப்பில் பரவியதாகத் தெரியவில்லை, அவரோ அந்தக் கிளார்க்கோ யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். விசா கிடைக்காத ஆள் என்றே மற்றவர்கள் அவரை 'ஜப்பான்' என்று கேலி செய்தார்கள், அதையும் கேட்டுக்கொண்டார். காகிதம் எதையும் என்னிடம் மறுபடி கொண்டுவரவில்லை. எட்டு மாதத்தில் ஒரு நாள் கூப்பிட்டு, தப்பு பண்ணிவிட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், லீவுக்குப் போகும்போது சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். லீவுக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம், இவர் அந்தக் காலத்திலேயே ஜப்பான் போய் எரிமலை பார்த்துவிட்டு வந்தவர் என்று என் மனைவி பெருமையாகச் சொல்கிறாள். அழைப்பு வந்தது எனக்கில்லை என்று சொல்ல அப்போதும் எனக்கு வாய் வருவதில்லை.